உரக்குழிக் கேள்விகள்: வாசகர்களுக்குப் பதில்

குளச்சல் வாசகர்: மீன் கழிவை அப்படியே வாழை மூட்டில் புதைக்கலாமா?

வேண்டாம், நாய் தோண்டும், ஈ மொய்க்கும், வேரும் சூடுபடும். கழிவின் எடைக்குச் சமமாக வெல்லத்தைக் கலந்து, மூடிய வாளியில் ஒரு மாதம் வைத்து வடிகட்டுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி கலந்து தெளித்தால் போதும்.

குலசேகரம் வாசகர்: வாழை மஞ்சளாகிறது. என்ன உரம் போடலாம்?

எந்த ரகம், எத்தனை மாதக் கன்று, இதுவரை என்ன போட்டீர்கள் என்ற ஒன்றையும் எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? கடிதத்தின் கடைசி வரியில், போகிறபோக்கில், "தென்னைநார்க் கழிவு மட்டும் இரண்டு லோடு இறக்கினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். மக்காத நார்க்கழிவில் கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, பயிரைப் பட்டினி போடுகின்றன. மிச்சமிருப்பதைக் குவித்து, டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் ஒன்றரை கிலோ சிப்பிக்காளான் விதையும் அடுக்கடுக்காகத் தூவி, ஈரம் காயாமல் இரண்டு மாதம் வையுங்கள். கறுத்து, கையில் பிசைந்தால் நார் தட்டாத பிறகு போடுங்கள்.

தக்கலை வாசகர்: ஆண்டுதோறும் தென்னைக்குச் சாணம் போட்டும் குருத்தை வண்டு குடைகிறது. ஏன்?

இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? போட்டும் குடைகிறது என்கிறீர்கள். பச்சைச் சாணத்தைப் போடுவதும், தோப்பின் நடுவிலேயே உரக்குழி வைத்திருப்பதும்தான் அதற்கு வழி செய்கின்றன. காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடும் இடமே மக்கிக்கொண்டிருக்கும் சாணக் குவியலும் உளுத்த தென்னந்தடியும்தான். ஒருமுறை ஒரு தோப்பில் மண்வெட்டியால் குழியைக் கிளறியபோது, ஒரே கூடைச் சாணத்தில் முப்பதுக்கும் மேலான புழுக்கள், கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, தவிட்டுநிறத் தலையோடு சுருண்டு கிடந்தன. தோப்புக்காரரோ அதைச் சாணத்தில் இயல்பாக வரும் புழு என்று நினைத்து, மரத்து மூட்டிலேயே கொட்டிக்கொண்டிருந்தார்! விரிந்த ஓலையில் கத்தரித்தது போல முக்கோண வெட்டு தெரிந்தால், மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே குழியைக் கிளறிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறிப் புழுவைப் பொறுக்கி அழியுங்கள். குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்தால் புழுக்கள் நோய்ப்பட்டுச் சாகும். நன்றாக மக்கிய உரம் மட்டும் காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ அளவில், இரண்டு மழைக்காலங்களை ஒட்டிப் பிரித்து, மூட்டிலிருந்து ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் இடுங்கள். மக்கியதா என்று எப்படி அறிவது? சூடு இருக்கக் கூடாது, சாண வாடை இருக்கக் கூடாது.

தோவாளை வாசகர்: கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு முன் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைக்கலாமா?

தாராளமாக. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தருவாயில் மடக்கி உழுது, பத்து நாள் கழித்து நடுங்கள். முற்றவிட்டால் தண்டு மக்காது.

களியக்காவிளை வாசகர்: அடுப்புச் சாம்பலைச் சாணத்தோடு கலந்து வைக்கலாமா?

கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். நம் குமரி மாவட்டச் செம்மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உடையது என்பதால், சாம்பலைத் தனியாக, மரச்சீனிக்கு (மரவள்ளி) கொஞ்சமாகத் தூவுங்கள்.