ஐந்து குண்டுகளின் குரூப்பை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: எனது .308 வின்செஸ்டர் ரைபிளுக்கு உரிமம் பெற்று நானே தோட்டா நிரப்பிப் பயன்படுத்துகிறேன். கையேட்டில் கொடுக்கப்பட்டுள்ள தொடக்க எடையிலிருந்து வெடிமருந்தை எட்டுப் படிகளாக உயர்த்தி, படிக்கு ஐந்து தோட்டாக்கள் வீதம் 100 மீட்டரில் சுட்டேன். குரூப்புகள், அதாவது இலக்கில் ஐந்து துளைகளும் பரவிய அகலம், 14 மி.மீ. முதல் 32 மி.மீ. வரை இருந்தன; சராசரி 23 மி.மீ. ஐந்தாம் படியில்தான் 14 மி.மீ. கிடைத்தது. அதன் வேகத்தின் திட்ட விலக்கமும் (சராசரியைச் சுற்றி வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு) வினாடிக்கு 4 மீட்டர் மட்டுமே. அடுத்த வாரம் அதே அளவில் பத்துத் தோட்டாக்கள் நிரப்பிச் சுட்டபோது குரூப் 30 மி.மீ., திட்ட விலக்கம் 8 மீட்டர். நான் எங்கே தவறு செய்தேன்? இன்னொன்று: எட்டாம் படியில் மருந்து கையேட்டின் உச்ச எடைக்குக் கீழே இருந்தும், வேகம் அந்த உச்ச எடைக்குச் சொல்லப்பட்ட வேகத்தைத் தாண்டிவிட்டது. இது நல்ல அறிகுறியா? நான் 600 மீட்டர் போட்டிக்குத் தயாராகி வருகிறேன்.

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உங்கள் பாதுகாப்பைப் பற்றியது. அது நல்ல அறிகுறி அன்று. குண்டுக்கு வேகம் தருவது, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் எழும் அழுத்தம்தான். கையேட்டுக்காரர்கள் பயன்படுத்திய சோதனைக் குழலின் நீளமும் உங்கள் குழலின் நீளமும் ஒன்றாக இருந்து, குறைந்த மருந்தில் உச்ச எடைக்குரிய வேகத்தை நீங்கள் எட்டிவிட்டீர்கள் என்றால், உச்ச அழுத்தத்தையும் எட்டிவிட்டீர்கள் என்றே கொள்ள வேண்டும். உங்கள் குழல் சற்று நீளமானதாக இருந்தால், ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ வினாடிக்கு 6 முதல் 8 மீட்டர் கூடுவது இயல்பு. அதைக் கழித்த பிறகும் வேகம் மிஞ்சி நின்றால் எட்டாம் படியை விட்டுவிடுங்கள். எஞ்சிய தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்காமல் குண்டைப் பிரித்தெடுத்து மருந்தைத் திரும்ப எடுங்கள். பிறகு தராசைச் சோதனை எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள். மருந்தைத் தாங்கும் பித்தளைக் கூடான கேஸ் வேறு தயாரிப்பாக இருந்தால் அதன் சுவர் தடித்து உட்கொள்ளளவு குறைந்திருக்கலாம். அதுவும் அழுத்தத்தை உயர்த்தும். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாவது, போல்ட் கைப்பிடி இறுகுவது, கேஸின் அடியில், அதை வெளியே தள்ளும் எஜெக்டர் பதிந்த பளபளப்பான தடம் தெரிவது போன்ற அடையாளங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவை தெரியும்போது எல்லை பெரும்பாலும் கடந்து போயிருக்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி. உங்கள் கையிலோ தோட்டா நிரப்பிய முறையிலோ தவறு நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 14 மி.மீ. குரூப்பும் 30 மி.மீ. குரூப்பும் ஒரே வகைத் தோட்டாவின் இரண்டு முகங்கள். இதைக் கணக்கிட்டே காட்டிவிடலாம்.

ஒரு ரைபிள் கிடைமட்டத்திலும் செங்குத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் குண்டுகளைச் சிதறவிடுகிறது என்றால், ஐந்து குண்டுக் குரூப்பின் அகலம், அதாவது மிகவும் தள்ளியுள்ள இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம், சராசரியாக அந்தச் சிதறலின் திட்ட விலக்கத்தைப் போல 3.07 மடங்கு இருக்கும். பத்துக் குண்டுகளுக்கு அது 3.81 மடங்கு. உங்கள் எட்டுக் குரூப்புகளின் சராசரி 23 மி.மீ.; அதை 3.07-ஆல் வகுத்தால் திட்ட விலக்கம் 7.5 மி.மீ. அதே 7.5-ஐ 3.81-ஆல் பெருக்கினால் பத்துக் குண்டுகளுக்கு 28.6 மி.மீ. வரும். நீங்கள் கண்டது 30. ஆக, இரண்டாம் வாரத்தில் ரைபிள் கெட்டுப்போகவில்லை. முதல் வாரத்தில் எப்படிச் சுட்டதோ அப்படியே சுட்டிருக்கிறது.

அப்படியானால் 14 மி.மீ. எங்கிருந்து வந்தது? எதையும் மாற்றாமல் ஒரே வகைத் தோட்டாவால் ஐந்து குண்டுக் குரூப்புகளைத் தொடர்ந்து சுட்டாலும், அவை தம் சராசரியின் பாதியிலிருந்து ஒன்றரை மடங்கு வரை சர்வ சாதாரணமாக ஏறி இறங்கும். 23 மி.மீ. சராசரி கொண்ட எட்டுக் குரூப்புகளில் மிகச் சிறியது 15 மி.மீ. அளவிலும் மிகப் பெரியது 31 மி.மீ. அளவிலும் இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. உங்களுக்குக் கிடைத்தவை 14, 32. மருந்தின் எடை குரூப்பைத் துளியும் மாற்றாமல் இருந்திருந்தாலும் உங்கள் இலக்கு அட்டைகள் இப்படித்தான் இருந்திருக்கும். எட்டில் சிறியதைத் தேர்ந்தெடுத்தபோது நீங்கள் தேர்ந்தெடுத்தது ஒரு மருந்து எடையை அன்று, ஒரு தற்செயலை.

வேகத்தின் கதையும் இதுவே. ஐந்து அளவுகளிலிருந்து 4 என்ற திட்ட விலக்கம் கிடைத்தால், அதன் உண்மை மதிப்பு 2.4 முதல் 11.5 வரை எங்கும் இருக்கலாம் என்பதே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு சொல்லக்கூடியது. பத்து அளவுகளிலிருந்து கிடைத்த 8-க்கு அந்த எல்லை 5.5 முதல் 14.6 வரை. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. படிக்கு ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டு, வேகம் ஏறாமல் சமமாக நிற்கும் இடத்தைத் தேடும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். வேகம் குண்டுக்குக் குண்டு ஆறேழு மீட்டர் மாறும்போது, படிக்கு ஒரு குண்டில் தெரியும் சமதளம் பெரும்பாலும் அடுத்த முறை இடம் மாறிவிடும். அந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் மட்டும் படித்திருந்தால் நானும் முழுதாக நம்பியிருக்க மாட்டேன். ஒரு முறை முப்பது தோட்டாக்களை ஒரே கேஸ் தொகுதியில், ஒரே மருந்து எடையில், ஒரே குண்டு ஆழத்தில் நிரப்பினேன். பிறகு கேஸின் அடிப்பகுதியில் ஆறு நிறங்களில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து, நிறத்துக்கு ஐந்தாகப் பிரித்து, ஆறு வட்டங்களில் சுட்டேன். பச்சைப் புள்ளிக்குரிய ஐந்து துளைகளும் ஒன்றோடொன்று உரசி ஒரு சிறு கிழிசலாகவே இருந்தன. காலிப்பரை வைத்தபோது மையத்திலிருந்து மையத்துக்கு 15 மி.மீ. சிவப்பு 31 மி.மீ. சிவப்பு வட்டத்தில் ஒரு துளை மேலே வலப்பக்கம் தனியாக நின்றது. அந்தக் குண்டைச் சுட்டபோது ட்ரிகரைச் சற்று இழுத்துவிட்டேனோ என்று மனம் உடனே காரணம் தேடத் தொடங்கியதுதான் என்னை அதிரவைத்தது. எல்லாம் ஒரே தோட்டா என்று தெரிந்திருந்தும் பச்சையை நம்பவும் சிவப்புக்குச் சமாதானம் சொல்லவும் கை துடித்தது. முடிந்தால் நீங்களும் இதை ஒரு முறை செய்து பாருங்கள். முப்பது தோட்டாக்களுக்கு இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, குரூப்பும் வேகமும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டு 100 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.13 வினாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் அது விழும் உயரம் சுமார் 8 செ.மீ. வேகம் 10 மீட்டர் குறைந்தால் துளை 2 மி.மீ. தாழும், அவ்வளவுதான். உங்கள் 8 மீட்டர் திட்ட விலக்கம் 100 மீட்டரில் 1.7 மி.மீ. செங்குத்துச் சிதறலைத் தருகிறது. தனித்தனிக் காரணங்களால் வரும் சிதறல்கள் நேரடியாகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. ஆகவே வேக மாறுபாட்டை அடியோடு ஒழித்தாலும் உங்கள் 7.5 மி.மீ. 7.3 ஆகும். கண்ணுக்கே தெரியாது.

600 மீட்டரில் நிலைமை தலைகீழ். அங்கே 10 மீட்டர் வேக வித்தியாசம் குண்டின் வடிவத்தைப் பொறுத்து 7 முதல் 10 செ.மீ. வரை உயரத்தை மாற்றும். உங்கள் 8 மீட்டர் திட்ட விலக்கம் மட்டுமே அங்கு 6 முதல் 8 செ.மீ. செங்குத்துச் சிதறலைக் கொடுக்கும். 100 மீட்டரில் கண்ட 7.5 மி.மீ. சிதறலோ தூரத்துக்கு ஏற்ப விரிந்து 4.5 செ.மீ. மட்டுமே ஆகியிருக்கும். எனவே நீங்கள் தயாராகும் போட்டியில் மேல்கீழ் இழப்பைத் தீர்மானிக்கப்போவது வேகத்தின் ஒழுங்கு. அதை 100 மீட்டர் குரூப் உங்களுக்கு ஒருபோதும் காட்டாது. வேகத்தை அளக்கும் கருவியான க்ரோனோகிராஃப் காட்டும், போதுமான எண்ணிக்கையில் சுட்டால்.

எண்ணிக்கை எவ்வளவு என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஐந்து ஐந்தாகச் சுட்டு இரண்டு வகைத் தோட்டாக்களை ஒப்பிட்டால், ஒன்றின் சிதறல் மற்றொன்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான் வித்தியாசம் உண்மை என்று உறுதியாகச் சொல்ல முடியும். இருபது இருபதாகச் சுட்டால் சுமார் 40 சதவீத வித்தியாசம் போதும். நீங்கள் எட்டுப் படிகளுக்குச் செலவிட்ட அதே நாற்பது தோட்டாக்களை இரண்டே இரண்டு வகைகளுக்குச் செலவிட்டிருந்தால், கையில் ஒரு பதில் இருந்திருக்கும். அந்த இரண்டு வகைகளும் மருந்தில் மிகச் சிறிய எடை வித்தியாசம் கொண்டவையாக இருப்பதில் பயன் குறைவு. குண்டின் வகையை மாற்றுவதும் மருந்தின் வகையை மாற்றுவதும்தான் குரூப்பில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருகின்றன என்பது என் அனுபவம். புதிய மருந்துக்குப் போனால் கையேட்டில் அதற்குரிய தொடக்க எடையிலிருந்தே தொடங்குங்கள்.

சுடும் முறையில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: முதல் வகையின் இருபதையும் சுட்டு முடித்துவிட்டு இரண்டாம் வகைக்குப் போக வேண்டாம். குழல் சூடேறுவது, படிவு சேர்வது, காற்று மாறுவது, நீங்கள் சோர்வது எல்லாம் பின்னால் வரும் வகையின் தலையில் விழும். ஒன்றில் ஒரு குண்டு, மற்றதில் ஒரு குண்டு என்று மாறி மாறி, தனித்தனி வட்டங்களில் சுடுங்கள். குழலின் சூடான அறையில் தோட்டாவை வைத்துக்கொண்டு காத்திருந்தால் மருந்து சூடேறி வேகம் கூடும். குறிபார்க்கத் தயாரான பிறகே தோட்டாவை உள்ளே தள்ளுங்கள். குழலின் மீது கட்டும் காந்த வகை க்ரோனோகிராஃப் குழலின் அதிர்வையும் குண்டு படும் இடத்தையும் மாற்றக்கூடும் என்பதால், அதைக் கட்டிய நிலையில் எடுத்த குரூப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒளித்திரை வகையிலும் ரேடார் வகையிலும் இந்தச் சிக்கல் இல்லை. ஒளித்திரையில் வெளிச்சம் மாறும்போது அளவு சற்று ஆடும், அவ்வளவே.

தனித்து நிற்கும் துளையை நீக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. சுட்ட கணத்திலேயே, தொலைநோக்கியில் பார்ப்பதற்கு முன்பே, "இது தவறு" என்று நோட்டில் எழுதியிருந்தால் நீக்கலாம். துளையைப் பார்த்த பிறகு எழுதினால் நீக்கக் கூடாது. பார்த்த பிறகு நமக்குக் காரணம் எப்போதும் கிடைத்துவிடும்.

அளக்கும்போது குரூப்பின் அகலத்தை மட்டும் அளப்பது இருபது குண்டுகளில் பதினெட்டு சொல்லும் செய்தியைத் தூக்கி எறிவதற்குச் சமம். எல்லாத் துளைகளின் கிடை, செங்குத்து அளவுகளையும் அட்டையின் ஒரு மூலையிலிருந்து அளந்து, அவற்றின் சராசரியை மையமாக எடுத்து, அம்மையத்திலிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரங்களின் சராசரியைக் கண்டுபிடியுங்கள். இதைச் சராசரி ஆரம் என்பார்கள். உங்கள் ரைபிளில் அது 9.4 மி.மீ. அளவில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அகலம் 33 மி.மீ.-ஐத் தொடும். அந்தப் பெரிய எண்ணைக் கண்டு மனம் தளர வேண்டாம். நீங்கள் முன்பு 23 என்று எழுதிய அதே ரைபிள்தான் அது.

வேகத்தின் திட்ட விலக்கத்தை 8-லிருந்து குறைக்க விரும்பினால், விலை உயர்ந்த தராசு வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள். உங்கள் தராசு 0.1 கிரெய்ன், அதாவது 6.5 மில்லிகிராம் வரை இரு பக்கமும் தவறினாலும், .308 போன்ற நடுத்தரக் கேஸில் அதனால் வரும் திட்ட விலக்கம் வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். முன்சொன்ன வர்க்கக் கணக்குப்படி அதை முற்றிலும் நீக்கினால் 8 என்பது 7.9 ஆகும். கேஸ்கள் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையா, ஒரே எண்ணிக்கையில் சுடப்பட்டவையா, கழுத்துப் பகுதி எல்லாவற்றிலும் குண்டை ஒரே இறுக்கத்தில் பிடிக்கிறதா என்று பாருங்கள். பலமுறை சுட்ட பித்தளையின் கழுத்து கெட்டிப்பட்டிருந்தால், குண்டை அமர்த்தும்போது நிரப்பும் கருவியின் நெம்புகோலில் உணரும் தடை ஒன்றில் கனமாகவும் அடுத்ததில் இலகுவாகவும் இருப்பது உள்ளங்கையிலேயே தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தக் கேஸ்களின் கழுத்தைச் சூடேற்றி இளக்க வேண்டும். அதற்கடுத்து வேறு பிரைமர் ஒன்றை முயன்று பார்க்கலாம். பிரைமரை மாற்றினாலும் அழுத்தம் மாறும் என்பதால், மருந்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி மேலேறுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் ஐந்தாம் படியையும் மூன்றாம் படியையும் இருபது இருபதாக நிரப்பி, இரண்டையும் மாறி மாறிச் சுட்டு, நாற்பது வேகங்களையும் நாற்பது துளைகளையும் குறித்துக்கொள்வேன். சராசரி ஆரத்தில் 40 சதவீத வித்தியாசம் இல்லையென்றால், வேகம் ஒழுங்காக இருப்பதை எடுப்பேன். அதிலும் இரண்டும் நெருங்கியே நின்றால், அழுத்தம் குறைந்த மூன்றாம் படியை எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ள மருந்தை 600 மீட்டரில் காற்றைப் படித்துப் பழகச் செலவிடுவேன்.