கேமராப் பையோடு கடல் தாண்டித் திரும்பினால் வரி கட்ட வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் ஜோதி ஓட்டத்தைப் படம் எடுக்க ஊர் ஊராக விமானத்தில் போய் வந்தேன். கேமராப் பையைப் பற்றி எங்கும் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அப்புறம் உதய்ப்பூர், கோவா என்று வெளியூர்க் கல்யாணங்கள். இப்போது முதல்முறையாக வெளிநாடு: இலங்கையில் பெந்தோட்டைக் கடற்கரையில் ஒரு கல்யாணம். இரண்டு கேமரா, நான்கு லென்ஸ், ஒரு டிரோன் கொண்டுபோகிறேன். திரும்பி வரும்போது எல்லாவற்றுக்கும் வரி போடுவார்கள், 8,000 ரூபாய் கொடுத்தால் 'ரிட்டர்ன் பேப்பர்' எடுத்துத் தருகிறேன் என்கிறார் பாரிமுனையில் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் பேப்பர் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டணம் கிடையாது, உங்களுக்காக இன்னொருவர் போய் அதை வாங்கி வரவும் முடியாது.

முதலில், ஏன் இதுவரை யாரும் கேட்கவில்லை? அந்த ஜோதி டெல்லியில் ஜூன் 19-ஆம் தேதி கிளம்பி 75 ஊர்களைச் சுற்றி மாமல்லபுரம் வந்து சேர்ந்தது. எத்தனை விமானம் ஏறியிருந்தாலும் நீங்கள் நாட்டு எல்லையைத் தாண்டவில்லை. அங்கே பையைத் திறக்கச் சொன்னவர்கள் பாதுகாப்புப் படையினர். உங்கள் லென்ஸின் விலை அவர்களுக்கு எதற்கு? கொழும்பிலிருந்து திரும்பும்போது நிற்பவர்கள் சுங்க அதிகாரிகள். விலை உயர்ந்த கேமராவைப் பார்த்தால், இது இங்கிருந்து போனதா, அங்கே வாங்கியதா என்று கேட்பார்கள். அதற்குக் கையில் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பதில்தான் 'எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட்', அதாவது இந்தச் சாமான் இங்கிருந்து போனதுதான் என்று சுங்கத்துறை தரும் சான்றிதழ். புறப்படும் நாளில் விமான நிலையத்தில் உள்ள சுங்கக் கவுன்டரில் கேட்க வேண்டும். பெட்டியை செக்-இன்னில் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். சாமானைக் கண்ணால் பார்த்து, சீரியல் நம்பரைச் சரிபார்த்துத்தான் முத்திரை வைப்பார்கள். ட்ரைபாட் பெட்டி போய்விட்ட பிறகு, லென்ஸ் அதில் இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. பாஸ்போர்ட், டிக்கெட், பில் நகல், கூடவே மாடல், சீரியல் நம்பர், மதிப்பு எழுதிய ஒரு பட்டியல், இவற்றை இரண்டு பிரதி கொண்டுபோங்கள்.

இதில் ஒரு சின்ன விஷயத்தில்தான் நிறையப் பேர் திண்டாடுகிறார்கள். பல கேமராக்களில் சீரியல் நம்பர் அடிப்பக்கத்தில் இருக்கும். அதன்மேல் ட்ரைபாட் பிளேட்டை முறுக்கி மாட்டி வருடக்கணக்கில் கழற்றியிருக்க மாட்டீர்கள். கவுன்டரில் நின்று காசை வைத்துத் திருகிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர் முறைப்பார். முந்தின நாள் ராத்திரியே கழற்றி, நம்பரை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸில், கேமராவோடு மாட்டும் மவுன்ட் பக்கத்தில் தேடுங்கள். நம்பரை மறைத்து ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள்.

பர்மா பஜாரில் பேரம் பேசி, பில் இல்லாமல் வாங்கிய லென்ஸ் ஏதாவது இருக்கிறதா? வடசென்னைப் புகைப்படக்காரர் பையில் அப்படி ஒன்றாவது இல்லாமல் இருக்காது! பல கேமராக்கள் ஒவ்வொரு படத்தின் உள்விவரத்திலும் பாடியின் சீரியல் நம்பரைப் பதிந்துவைக்கும், சிலவற்றில் லென்ஸ் நம்பரும் இருக்கும். போன வருடம் ராயபுரத்தில் எடுத்த ஒரு கல்யாணப் படம், தேதியோடு, அந்தப் பொருள் முன்பே இங்கே இருந்தது என்பதற்குத் துணை ஆதாரம். பில்லுக்கு அது ஈடாகாது. ஆனாலும் வெறுங்கையோடு நிற்பதைவிட மேல்.

சரி, ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். லிங்கிச் செட்டித் தெருவிலும் ராஜாஜி சாலையிலும் லைசென்ஸ் உள்ள கஸ்டம்ஸ் புரோக்கர்கள் நிறைய உண்டு. கப்பல் சரக்கு, கார்கோ என்றால் பெரும்பாலும் அவர்கள் மூலம்தான் வேலை நடக்கும். அவர்கள் ஆட்களிடம் ஜி கார்டு, எச் கார்டு என்று அடையாள அட்டை இருக்கும். கையில் எடுத்துப்போகும் பயணியின் பைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. 8,000 கேட்பவரிடம் கார்டைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு உடனே 'உள்ளே நம்ம ஆள் இருக்கார்' என்று திரும்பும். அப்படிச் சொல்பவர் கொடுக்கும் பேப்பரில் இருக்கிற முத்திரை எந்தத் தெருவில் செய்ததோ! போலி முத்திரையோடு பிடிபட்டால் வரியோடு போகாது, வழக்காகும். மாட்டப்போவது நீங்கள், அவர் இல்லை.

இப்படிப்பட்ட ஏஜென்ட்களுக்குப் பிழைப்பு கொடுப்பதே விமான நிலையத்தில் இருக்கும் ஏற்பாடுதான். இலவசமாகக் கிடைக்கும் ஒரு சான்றிதழ், அதை எங்கே கேட்பது என்று தமிழில் ஒரு பலகை வைத்தால் என்ன? நள்ளிரவு விமானத்துக்குப் போனால் கவுன்டரில் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

யூடியூபில் ஒன்று சொல்கிறார்கள்: "தொழில் கருவிக்கு வரி கிடையாது, தைரியமாக வாங்கி வாருங்கள்." நம்பாதீர்கள். அந்தச் சலுகை மாதக்கணக்கில் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு. அதிலும் பயணிகள் சாமானுக்கான முந்தைய பேக்கேஜ் விதிகள் தச்சர், பிளம்பர், வெல்டர், கொத்தனார் போன்றோரின் கருவிகளைத்தான் தொழில் கருவி என்றன. கேமராவை கேசட் ரெக்கார்டர், டைப்ரைட்டரோடு சேர்த்து 'பொதுப் பயன்பாட்டுப் பொருள்' என்று வெளியே தள்ளிவிட்டார்கள். அதை வைத்துச் சோறு தின்கிறவர்களை யார் கேட்டார்கள்?

டிரோனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதி தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. கேமரா என்றால் வரி கட்டி மீட்கலாம். தடைசெய்த பொருளில் பேச்சே வேறு, பறிமுதல் வரை போகும். "நான் இங்கிருந்து கொண்டுபோனதுதானே" என்பீர்கள். பில் இல்லாத டிரோனுக்கு அதை எப்படி நிரூபிப்பீர்கள்? பில் இருந்தாலும் அந்த வாக்குவாதத்தை அதிகாலை மூன்று மணிக்கு நடத்தத் தெம்பு வேண்டும். "250 கிராமுக்குக் குறைவானதாச்சே" என்பார்கள் சிலர். அந்த எடைக்குக் கிடைக்கும் சலுகை பறக்கவிடுவதற்கு, இறக்குமதிக்கு அல்ல. பிரித்துப் பாகமாகக் கொண்டுவரலாம் என்று ஒரு மேதை யோசனை சொல்வார். முழு டிரோனைப் பிரித்த நிலையில் கொண்டுவந்தாலும் அதே தடைதான். போதாக்குறைக்கு இலங்கையில் பறக்கவிடவும் அங்கத்திய அனுமதி வாங்க வேண்டும். பெந்தோட்டையில் டிரோனோடு ஆளை வாடகைக்கு அமர்த்தச் சொல்லி, கல்யாண வீட்டாரிடம் செலவைக் கேளுங்கள்.

அங்கே புது லென்ஸ் வாங்கி, பழைய லென்ஸின் சான்றிதழைக் காட்டலாம் என்ற யோசனையும் வேண்டாம். நம்பர் இடிக்கும். வாங்கினால், சுங்கத்தில் அறிவிக்க வேண்டியவர்களுக்கான சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

வெளியூர்க் கல்யாணத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. திரும்பும் நாளில் பெண்ணின் சித்தி வருவார்: "தம்பி, உங்க பை பெருசா இருக்கே, இந்த நகைப் பெட்டியை மட்டும் வச்சுக்கோங்க." சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். உங்கள் பையில் இருப்பதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு. உங்களை நிறுத்திக் கேட்கும் நேரம், சித்தி அறிவிக்க ஒன்றுமில்லாதவர்களுக்கான பச்சைப் பாதையில் வெளியே போய் டாக்ஸி பிடித்திருப்பார். பாக்கிப் பணத்துக்காக இதற்குத் தலையாட்டுகிறவர்களும் உண்டு. அதனால் பாக்கியைப் படம் எடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.

உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். முனைகளில் டேப் ஒட்டுங்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவருக்குள் (Wh) இருந்தால் பிரச்சினை இல்லை, 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். கூலிக்குப் படம் எடுக்கச் சுற்றுலா விசா போதுமா என்பதைக் கல்யாண ஏற்பாட்டாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "போதும் போதும்" என்று சொல்பவர் உங்களோடு இமிக்ரேஷனில் வந்து நிற்க மாட்டார்.