முன்பணம் இல்லாமல் சிற்றூரில் வீடு: யுஎஸ்டிஏ கடன் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) யுஎஸ்டிஏ, அதாவது அமெரிக்க வேளாண்மைத் துறை, வழியாகக் கடன் பெற்று வீடு வாங்க நினைக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வீட்டுக் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் தொழில்.

வேளாண்மைத் துறை வீட்டுக் கடன் தருகிறது என்கிறார்கள். விவசாயம் செய்தால்தான் கிடைக்குமா?

இல்லை. வருமானம் தரும் பண்ணையை இந்தக் கடனில் வாங்கவே முடியாது. நீங்கள் குடியிருக்கப்போகும் வீட்டுக்கு மட்டும்தான். இதில் இரண்டு வகை உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசே நேரடியாகக் கொடுப்பது ஒன்று. அதில் வட்டியை 1 சதவீதம் வரை இறக்கும் மானியம் கிடைக்கும். வீட்டை விற்கும்போது அந்த மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேரலாம். மற்றது, வங்கி கொடுத்து அரசு உத்தரவாதம் தருவது. இங்கே கேட்டவர்கள் பலருக்கும் பொருந்துவது இதுதான்.

உத்தரவாதம் இருப்பதால், வேலை போய்விட்டால் அரசு தவணையைக் கட்டிவிடும் அல்லவா?

கட்டாது. இந்தத் தவறான எண்ணத்தோடுதான் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். உத்தரவாதம் வங்கிக்கு, உங்களுக்கு அல்ல. நீங்கள் கட்டத் தவறி வீடு ஏலத்துக்குப் போனால், வங்கியின் நட்டத்தை அரசு ஈடுசெய்யும். பிறகு அந்தத் தொகை நீங்கள் அரசுக்குத் தரவேண்டிய கடனாகிவிடும். உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய வருமான வரித் தொகையிலிருந்துகூடப் பிடிக்கலாம். விண்ணப்பப் படிவத்திலேயே இது எழுதியிருக்கிறது. படியுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். விண்ணப்பிக்கலாமா?

முடியாது. பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும்.

கடன் என் பெயரில் மட்டும். மனைவியின் சம்பளத்தைக் காட்ட வேண்டுமா?

காட்டியே ஆகவேண்டும். வீட்டில் குடியிருக்கப்போகும் பெரியவர்கள் எல்லோருடைய வருமானமும் கணக்கில் வரும், அவர்கள் கடனில் கையெழுத்திடாவிட்டாலும். கிரீன் கார்டு பெற்று உங்களோடு நிரந்தரமாக வாழும் அப்பாவின் ஓய்வூதியமும் சேரும். சில மாதம் தங்கிப்போக வந்தவர் குடும்பக் கணக்கில் வரமாட்டார். உச்சவரம்பு, அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலும் பாதி இதற்குக் கீழும் சம்பாதிக்கும் அளவு) 115 சதவீதம். 2025இல் பெரும்பாலான கவுண்டிகளில் நான்கு பேர் வரையுள்ள குடும்பத்துக்கு 1,19,850 டாலர். சற்றே தாண்டினால் மனம் தளர வேண்டாம்: 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 480 டாலர் கழிவு உண்டு, சிறுபிள்ளைகளின் காப்பகக் கட்டணத்தையும் கழிக்கலாம். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் காப்பக ரசீதுகள்தான் பல விண்ணப்பங்களை வரம்புக்குள் கொண்டுவருகின்றன.

எஃப்எச்ஏ கடனைவிட (குறைந்த முன்பணத்தில் வங்கி தர, அரசு காப்பீடு செய்யும் வீட்டுக் கடன்) இது மலிவா?

2,50,000 டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். எஃப்எச்ஏவில் 3.5 சதவீத முன்பணம், அதாவது 8,750 டாலர், கையிலிருந்து போகும். தொடக்கக் காப்புக் கட்டணம் கடனில் 1.75 சதவீதம், ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் 0.55 சதவீதம். யுஎஸ்டிஏவில் முன்பணம் இல்லை. தொடக்கக் கட்டணம் 1 சதவீதம், அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். ஆண்டுக் கட்டணம் 0.35 சதவீதம், முதல் ஆண்டில் மாதம் சுமார் 74 டாலர். கணக்குப்படி இதுதான் மலிவு. ஆனால் பத்திரச் செலவு, வரி, காப்பீடு ஆகியவற்றுக்குச் சேமிப்பு வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாமல் வருகிறவரை நான் ஓராண்டு பொறுக்கச் சொல்வேன்.

எங்கள் ஊரில் வால்மார்ட் பேரங்காடி இருக்கிறது. இது கிராமமா?

வால்மார்ட்டை யாரும் பார்ப்பதில்லை. யுஎஸ்டிஏ இணையதளத்தின் வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஊர் எல்லையில் தெருவின் ஒரு பக்கம் தகுதியோடும் எதிர்ப்பக்கம் தகுதியின்றியும் இருப்பதுண்டு. விற்பனை முகவர் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கிணற்று நீரும் செப்டிக் டேங்கும் உள்ள வீடு. சிக்கல் வருமா?

கிணற்று நீரின் ஆய்வு முடிவு வேண்டும். பாக்டீரியா இருப்பதாக வந்தால் கிணற்றில் குளோரின் ஊற்றி, சில நாள் கழித்து மறுபடியும் மாதிரி எடுப்பார்கள். செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மேலே புல் பச்சைப்பசேலென்று, மற்ற இடத்தைவிட அடர்த்தியாக இருந்தால் அழகு என்று மயங்காதீர்கள், கழிவுநீர் மேலேறிக்கொண்டிருக்கலாம்.

எவ்வளவு நாள் ஆகும்?

வங்கி ஒப்புதல் தந்தபின் கோப்பு யுஎஸ்டிஏ அலுவலகத்துக்கும் போய் வரவேண்டும். அந்த வரிசை சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். அக்டோபரில் புதிய நிதியாண்டு தொடங்கும்போது தாமதம் வழக்கம். 2025 இலையுதிர்காலத்தில் நிதி ஒதுக்கீடு இல்லாமல் அரசு முடங்கியபோது புதிய உத்தரவாதங்கள் நின்றுபோயின. ஆகவே ஒப்பந்தத்தில் முடிவுத் தேதியைத் தள்ளிவைக்க இடம் தரும் ஒரு வரியை எழுதச் சொல்லிக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால், அவசரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். விலையைக் குறைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.