எந்தப் புத்தகத்தைத் திறந்தால் செய்தித்தாள் புரியும்?

உலக அரசியலைப் புரிந்துகொள்ள எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சிபாரிசு எல்லாம் என் சொந்த ருசி. ஒத்துப்போகாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

கல்லூரி மாணவி, திருச்சி: சார், எல்லாம் புரிகிற மாதிரி ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்களேன்.

அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் உஷாராக இருங்கள் அம்மா. அந்தப் பெயரில் நன்றாக விற்பது டிம் மார்ஷல் எழுதிய 'பிரிசனர்ஸ் ஆஃப் ஜியாகிரஃபி' (2015). பத்து வரைபடங்களை வைத்துக்கொண்டு, எந்த நாடு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று சொல்வார். இரண்டு நாளில் முடித்துவிடலாம், படியுங்கள். ஆனால் மூடிவைக்கும்போது, போரை முடிவு செய்வது மலையும் ஆறும்தான் என்று தோன்றிவிடும். உக்ரைனின் எல்லையை மதிப்பதாக 1994-ல் புடாபெஸ்டில் ரஷ்யா கையெழுத்துப் போட்டது. 2014-ல் கிரைமியாவை எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட இருபது வருடத்தில் இரண்டு நாட்டுக்கும் நடுவிலுள்ள சமவெளி ஓர் அடி கூட நகரவில்லை. அப்புறம் என்ன மாறியது என்று கேட்டால் இந்தப் புத்தகத்தில் பதில் கம்மி.

அதே மாணவி: அப்படியானால் உக்ரைனுக்கு எதைப் படிக்க?

ஸ்வெட்லானா அலெக்ஸிவிச்சின் 'செகண்ட்ஹேண்ட் டைம்'. அவர் பிறந்தது உக்ரைனில், அப்பா பெலாரஸ்காரர், எழுதுவது ரஷ்ய மொழியில். 2015-ல் நோபல் வாங்கியவர். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு சாதாரண ஜனங்களின் சமையலறையில் உட்கார்ந்து அவர்கள் பேசியதைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் சுதந்திரம் வந்தது என்பார், இன்னொருவர் கடையில் சாசேஜ் வந்தது, அவ்வளவுதான் என்பார். இழந்த வல்லரசுக்காக ஏங்குபவர்களின் குரலையும் வெட்டாமல் விட்டிருக்கிறார். ரஷ்யாவில் அந்த ஏக்கத்துக்கு ஏன் ஓட்டு விழுகிறது என்று அதைப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

கூடவே 'சர்வன்ட் ஆஃப் தி பீப்பிள்' என்ற உக்ரைன் டிவி தொடரின் முதல் பாகம். ஒரு பள்ளி ஆசிரியர் ஊழலைத் திட்டித் தீர்ப்பதை மாணவன் ஒருவன் ஒளிந்திருந்து படமெடுத்து இணையத்தில் போட, அவர் அதிபராகிவிடுகிறார். ஆசிரியராக நடித்த ஜெலென்ஸ்கி 2019-ல் 73 சதவீத ஓட்டு வாங்கி நிஜமாகவே அதிபரானார். கட்சிக்கும் தொடரின் பெயர்தான். கவனித்துப் பாருங்கள், பாத்திரங்கள் பெரும்பாலும் பேசுவது ரஷ்ய மொழி. ரஷ்யமொழி பேசினால் ரஷ்யா பக்கம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இது ஒன்றே போதும்.

வங்கி ஊழியர், சேலம்: 'ஆர்கோ' பார்த்தேன். ஈரான் பிரச்சினை ஓரளவு புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சரிதானே?

விமான நிலையத்தில் ஜீப்புகள் ஓடுபாதையில் விமானத்தைத் துரத்துமே, அந்தக் காட்சியில் நகத்தைக் கடித்தீர்களா? நானும்தான். நிஜத்தில் அப்படி ஒரு துரத்தலே நடக்கவில்லை. 1979-ல் டெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் பிடித்தபோது தப்பிய அந்த ஆறு அமெரிக்கர்களும் பெரிய வம்பில்லாமல் விமானம் ஏறினார்கள். அவர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கனடா தூதரகத்தின் பங்கைப் படம் சுருக்கிவிட்டது என்று அப்போதே வருத்தப்பட்டார்கள்.

ஆனாலும் அதன் முதல் இரண்டு நிமிடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சித்திரங்களாக ஓடும் முன்கதையில் மொசாதெக் என்று ஒரு பெயர் வரும். சொல்லிவிட்டுப் படம் வேகமாகக் கடந்து போய்விடும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. 1951-ல் பிரிட்டிஷ் கம்பெனியின் கையிலிருந்த எண்ணெயை நாட்டுடைமை ஆக்கிய ஈரான் பிரதமர் அவர். 1953 ஆகஸ்டில் பிரிட்டிஷ், அமெரிக்க உளவுத்துறைகள் சேர்ந்து அவரைக் கவிழ்த்தன. முதல் முயற்சி தோற்று ஈரான் மன்னர் ஷா ரோமுக்கே ஓடிவிட்டார். நாலு நாள் கழித்து இரண்டாவது முயற்சி பலித்தது. ஸ்டீபன் கின்சரின் 'ஆல் தி ஷாஸ் மென்' (2003) இதைத் துப்பறியும் நாவல் போலச் சொல்கிறது. சிஐஏ தன் பங்கை ஒப்புக்கொள்ளும் ஆவணம் வெளிவந்தது 2013-ல், அறுபது வருடம் கழித்து. 1979-ல் தூதரகச் சுவர் ஏறிக் குதித்த மாணவர்களுக்கு அந்த ஆவணம் தேவைப்படவில்லை. 1953 அவர்கள் வீட்டில் பேசப்பட்ட கதை.

அப்புறம், அந்த வீட்டுக்குள் போக வேண்டுமானால் மர்ஜானே சத்ரபியின் 'பெர்சபோலிஸ்'. படக்கதைப் புத்தகம், தமிழிலும் வந்திருக்கிறது. 2007-ல் திரைப்படமும் ஆனது. 1980-ல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் திடீரென்று முக்காடு கட்டாயமாகிறது. அவர்கள் பள்ளி மைதானத்தில் அதை வைத்துக் கயிறு தாண்டி விளையாடுகிறார்கள். சில பக்கம் தள்ளி, வீட்டு வேலைக்கார அம்மாள் ஒரு சாவியைக் காட்டுவார். பிளாஸ்டிக் சாவி, தங்க நிறம் பூசியது. இராக்குடன் நடந்த போரில் செத்தால் சொர்க்கக் கதவு திறக்கும் என்று சொல்லி அவர் மகனுக்குப் பள்ளியில் கொடுத்தது. நான் அந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன்.

லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துபவர், நாமக்கல்: 'ஒரு பொருளாதார அடியாளின் ஒப்புதல் வாக்குமூலம்' படித்தபிறகு வேறு எதுவும் தேவையில்லை என்று நினைக்கிறேன் அண்ணா.

இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பு அருமை, நானும் ஒரே மூச்சில் படித்தேன். ஜான் பெர்கின்ஸ் எழுதியது. கடன் கொடுத்து நாடுகளை வளைக்கும் வேலையைத் தானே செய்ததாகச் சொல்கிறார். ஆனால் அது வாக்குமூலம். அவர் சொல்வதில் பாதிக்கு அவர் மட்டுமே சாட்சி. நம் ஊரில் ஒருவர் வந்து "இவ்வளவு அட்டூழியமும் நான்தான் செய்தேன்" என்று சொன்னால், ஒரு சாயாவாவது குடித்துக்கொண்டு யோசிப்போம் இல்லையா? கடன் வலை என்பது உண்மையான பிரச்சினை, மறுக்கவில்லை. ஈரான் 1953 போல ஆவணம் உள்ள கதையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், எது நிற்கிறது எது ஆடுகிறது என்று தானாகத் தெரியும்.

இல்லத்தரசி, தென்காசி: பிளஸ் ஒன் படிக்கும் பையனுக்குத் தமிழிலேயே ஏதாவது?

நேருவின் 'உலக சரித்திரம்'. ஓ.வி. அளகேசன் மொழிபெயர்ப்பு, நூலகத்தில் கிடைக்கும். 1930 முதல் 1933 வரை சிறையில் இருந்து மகளுக்கு எழுதிய கடிதங்கள். இரண்டாம் உலகப் போர் வருவதற்கு முன்பே, ஹிட்லர் பதவிக்கு வந்ததை அப்போதே எழுதியிருக்கிறார். முடிவு தெரியாதவர் எழுதிய சரித்திரத்துக்குத் தனி ருசி உண்டு. தடிமனைப் பார்த்துப் பையன் மிரண்டால் கடைசி ஐம்பது கடிதத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

பாலஸ்தீனம் என்றால் பா. ராகவனின் 'நிலமெல்லாம் ரத்தம்'. பத்திரிகைத் தொடராக வந்ததால் ஓட்டம் நன்றாக இருக்கும். அது முடிந்ததும் '5 புரோக்கன் கேமராஸ்' (2011) பாருங்கள். பாலஸ்தீனத்தின் பிலின் கிராமத்து விவசாயி ஒருவர், 2005-ல் மகன் பிறந்ததும் படமெடுக்க ஒரு கேமரா வாங்குகிறார். ஊர் நிலத்தில் இஸ்ரேலின் வேலி வருகிறது, போராட்டம் வருகிறது, கேமரா ஒன்றன்பின் ஒன்றாக உடைகிறது. இயக்கியவர்கள் ஒரு பாலஸ்தீனியரும் ஒரு இஸ்ரேலியரும்.

பொறியியல் மாணவர், கோவை: ஹாலிவுட் படம் எல்லாம் பிரசாரம்தானே அண்ணா? எதற்குப் பார்க்க வேண்டும்?

பிரசாரத்தைப் பார்க்கத்தான் தம்பி! 'டாப் கன்: மேவரிக்' எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ராணுவம் விமானம் தருகிறது, பதிலுக்குத் திரைக்கதையைப் பார்த்து ஒப்புதல் சொல்கிறது. எதிரி நாட்டுக்குப் படம் முழுக்கப் பெயரே இல்லை. கதாநாயகன் ஜாக்கெட்டின் முதுகில் 1986-ல் வந்த முதல் 'டாப் கன்' படத்திலேயே ஜப்பான், தைவான் கொடிகள் இருந்தன. 2019 முன்னோட்டத்தில் அவை காணாமல் போய், அதே மாதிரி நிறத்தில் ஏதோ சின்னம் வந்தது. சீனச் சந்தைக்குப் பயந்து என்று பேச்சு. 2022-ல் படம் வெளியானபோது கொடிகள் திரும்ப வந்துவிட்டன. முதுகில் தைத்த ஓர் ஒட்டுத்துணி மூன்று வருட வல்லரசு அரசியலைச் சொல்லிவிட்டது.

நீங்கள் பொறியியல் என்பதால் 'சிப் வார்' (2022), கிறிஸ் மில்லர். கணினிச் சிப்புகளுக்கான போட்டியைப் பற்றியது. தைவானைச் சுற்றி ஏன் இவ்வளவு பதற்றம் என்பதற்குப் பதில். நெதர்லாந்து ஏஎஸ்எம்எல் கம்பெனியின் சிப் தயாரிக்கும் இயந்திரத்துக்குள் தகரத் துளிகள் நொடிக்கு 50,000 வீதம் லேசரில் வெடிக்கும் பகுதியைத் தவறவிடாதீர்கள்.

ஓட்டுநர், துபாய் (ஊர் ராமநாதபுரம்): படிக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை ஒரு படம் பார்க்கலாம். எது?

'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966). பழைய கருப்பு வெள்ளைப் படம் என்று தள்ளிவிடாதீர்கள் பாய். அல்ஜீரிய விடுதலைப் படையில் இருந்த ஸாதி யாஸெஃப் இதைத் தயாரித்து, தன்னைப் போன்ற ஒரு பாத்திரத்தில் தானே நடித்திருக்கிறார். பிரெஞ்சு ராணுவம் சித்திரவதை செய்து இயக்கத்தை வேரோடு பிடுங்குகிறது. 1957-ல் ஊரை ஜெயித்துவிடுகிறது. 1962-ல் நாட்டை விட்டே போகிறது. 2003-ல் இராக் போர் சிக்கலானதும் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனே இதைத் தன் அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியது.

அதில் மூன்று பெண்கள் முடியை வெட்டி, ஐரோப்பிய உடை மாட்டிக்கொண்டு, சோதனைச் சாவடி தாண்டிக் குண்டு வைக்கப் போவார்கள். ஒருத்தி கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிப் பார்ப்பாள். அங்கே ஒரு குழந்தை ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருக்கும். கேமரா அந்த முகத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகரும். எடுத்தவர்கள் அந்தப் பெண்கள் பக்கம் நிற்பவர்கள், இருந்தும் அந்த முகத்தைக் காட்டாமல் விடவில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள், பேசுவோம்.