மேரி ஃபார்ச்சூன்: ‘டிடெக்டிவின் ஆல்பம்’ பற்றிக் கேள்வி பதில்

மெல்பர்னில் நூலக வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ‘ஆஸ்திரேலியன் ஜர்னல்’ இதழின் துப்பறியும் கதைகளை, முக்கியமாக அதில் எழுதிய மேரி ஃபார்ச்சூனின் கதைகளை, வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம்: ‘உலகத்திலேயே முதல்’ என்று கேள்வியைத் தொடங்காதீர்கள். எனக்கு ஏற்கெனவே பிரஷர் மாத்திரை உண்டு.

திருச்சி வாசகர்: அக்கா, இது என்ன மாதிரி இதழ்? இலக்கிய இதழா?

இல்லை, வீட்டில் எல்லாரும் படிக்கிற ஜனரஞ்சக இதழ். 1865 செப்டம்பரில் மெல்பர்னில் வார இதழாகத் தொடங்கி, 1869இல் மாத இதழானது. லண்டனின் மலிவு விலைக் கதைப் பத்திரிகைகள்தான் முன்மாதிரி. அந்தப் பத்திரிகைகள் கப்பலில் இங்கே வந்துசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் உள்ளூர்க் கதையை உள்ளூர் ஆளை வைத்தே எழுதி விற்கலாமே என்ற வியாபாரக் கணக்கு இது. கணக்கு தப்பவில்லை, 20ஆம் நூற்றாண்டின் பாதியைத் தாண்டியும் இதழ் வந்தது.

சேலம் வாசகி: மேரி ஃபார்ச்சூன் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

நீங்கள் மட்டுமில்லை, அன்றைய வாசகர்களுக்கும் அந்தப் பெயர் தெரியாது. அவர்கள் பார்த்தது ‘வெய்ஃப் வாண்டர்’ அல்லது வெறும் ‘டபிள்யூ. டபிள்யூ.’ மட்டும். ‘வெய்ஃப்’ என்றால் நாதியற்றவர், ‘வாண்டர்’ என்றால் அலைவது. புனைபெயரிலேயே சுயசரிதை இருக்கிறது.

1833 வாக்கில் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். அப்பாவுடன் கனடா போனார், 1851இல் அங்கே ஜோசப் ஃபார்ச்சூனை மணந்தார். 1855இல் கணவரை விட்டுவிட்டுச் சின்ன மகனோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். அப்பா அதற்குள் இங்கே தங்கவயலில், அதாவது ஜனங்கள் கூடாரம் போட்டுத் தங்கம் தோண்டிய இடத்தில், கடை போட்டிருந்தார். கூடாரத்திலேதான் குடித்தனம். அடுத்த வருடம் இன்னொரு மகன் பிறந்தான், அப்போது கணவர் கனடாவில். 1858இல் பெர்சி பிரெட் என்ற குதிரைப்படைப் போலீஸ்காரரை மணந்தார். முதல் கணவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அதாவது சட்டப்படி இந்தக் கல்யாணமே குற்றம். அதுவும் நிலைக்கவில்லை.

இப்படிப்பட்டவர் சொந்தப் பெயரில் எழுத முடியுமா? முடியாது. ஆனால் போலீஸ் முகாம் எப்படி நடக்கும், ரோந்துக்குப் போகிறவன் என்ன பேசுவான், கூடாரத்துக்குள் ரத்தம் சிந்தினால் பக்கத்துக் கூடாரத்துக்காரன் ஏன் வாயைத் திறக்க மாட்டான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 1868இல் ‘டிடெக்டிவின் ஆல்பம்’ என்ற தலைப்பில் வரிசையாக எழுதத் தொடங்கினார். கதைகளைச் சொல்பவர் மார்க் சின்க்ளேர் என்ற துப்பறிவாளர். 1908 வரை 500க்கும் மேல் கதைகள். மாதம் ஒன்று என்று 40 வருடத்துக்கு 480 ஆகிறது, அதற்கும் மேல். மாதச் சம்பளக்காரர்கூட இப்படி லீவு எடுக்காமல் உழைத்திருக்க மாட்டார்.

மதுரை வாசகர்: ஷெர்லாக் ஹோம்ஸுக்கு முன்னாடியே எழுதினாரா?

ஆமாம். இவரது ‘இறந்துபோன சாட்சி’ என்ற சிறுகதை வந்தது 1866 ஜனவரி. ஹோம்ஸ் முதலில் அச்சேறியது 1887.

ஈரோடு வாசகர்: பி.டி.எஃப். லிங்க் கொடுங்க.

லிங்க் கேட்டு வராதீர்கள். இவர் எழுத்துகளை லூசி சசெக்ஸ் என்ற ஆய்வாளர் தொகுத்த நூல் 1989இல் வந்தது, அதில் தொடங்குங்கள். மெல்பர்ன் பக்கம் வந்தால் விக்டோரியா மாநில நூலகத்தில் பழைய இதழ்களையே பார்க்கலாம்.

கோவை வாசகர்: தங்கவயலுக்கும் துப்பறியும் கதைக்கும் என்ன சம்பந்தம்? கொலை எங்கேயும்தானே நடக்கிறது?

இதுதான் கேள்வி! 1851இல் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. அந்த வருடம் அங்கே இருந்த குடியேறிகளின் மொத்தத் தொகை சுமார் 77,000. பத்தே வருடத்தில் 5,40,000. வந்தவர்களில் யாருக்கும் யாரையும் தெரியாது. நம் ஊரில் ஒருத்தன் புதிதாக வந்தால் ‘எந்த ஊரு, யாரு பிள்ளை?’ என்று டீக்கடையிலேயே விசாரணை முடிந்துவிடும். தங்கவயலில் அந்தக் கேள்வியைக் கேட்பதே அநாகரிகம். கடனாளி, மனைவியை விட்டு வந்தவன், தண்டனை முடிந்த கைதி என்று பாதிப் பேர் பெயரை மாற்றிக்கொண்டு வந்தவர்கள். ஒருவன் காணாமல் போனால் அடுத்த வயலுக்குப் போயிருப்பான் என்று விட்டுவிடுவார்கள். ஊர் செய்ய வேண்டிய வேலையை அங்கே துப்பறிவாளன் செய்ய வேண்டியிருந்தது.

அதனால்தான் இவர் கதைகளில் ‘யார் கொன்றது’ என்பதைவிட ‘இவன் உண்மையில் யார்’ என்ற கேள்வி பெரிதாக நிற்கும். ‘இறந்துபோன சாட்சி’யில் புகைப்படம் எடுக்கும் இளைஞன் ஒருவன் காட்டுப்பகுதியில் காணாமல் போகிறான். அவனைத் தேடிப் போகும் துப்பறிவாளருக்கு அவன் எடுத்த படமே தடயமாகிறது. பக்கத்தில் ஒரு நீர்க்குட்டை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

டொராண்டோ வாசகர்: அக்கா, உலகத்திலேயே முதல் துப்பறியும் கதை எழுதின பெண் இவர்தான் என்று வாசிச்சன். நீங்கள் ஏன் அதைச் சொல்லேல்லை?

மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தேன். சொல்லாததற்குக் காரணம், அது சரியில்லை. அமெரிக்காவில் ஹாரியட் பிரெஸ்காட் ஸ்பாஃபர்டின் ‘மிஸ்டர் ஃபர்புஷ்’ 1865 ஏப்ரலிலேயே ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் வந்துவிட்டது. அதிலும் கொலை உண்டு, துப்பறிவாளர் உண்டு, ஏன், புகைப்படம்கூடத் தடயமாக வருகிறது.

டொராண்டோ வாசகர்: சரி, அமெரிக்காவை விடுங்கோ. ஆஸ்திரேலியாவில் முதல் என்றாவது சொல்லலாம்தானே?

இதே ‘ஆஸ்திரேலியன் ஜர்னல்’ 1865இல் தொடங்கியபோதே எலன் டேவிட் எழுதிய கொலை மர்மத் தொடர் ஒன்று அதில் வந்தது. எழுதியவர் பெண். ஆண்டு 1865. 1866 எப்படி முதலாகும்?

டொராண்டோ வாசகர்: அது நாவல். இது சிறுகதை. அதிலே போலீஸ் துப்பறிவாளர் கதையை நடத்தேல்லை.

பார்த்தீர்களா? ‘முதல்’ என்று தொடங்கினோம். பிறகு ‘ஆஸ்திரேலியாவில்’ என்றோம், இப்போது ‘சிறுகதை’, ‘போலீஸ் வருகிற’ என்று சேர்க்கிறோம். இன்னும் நாலு நிபந்தனை சேர்த்தால் தெருமுனைக் கடைக்காரரும் எதிலாவது உலக முதல்வர் ஆகிவிடுவார்.

சென்னை வாசகி: நான் டொராண்டோ கட்சி. ‘முதல்’ என்று சொன்னால்தான் மறந்துபோன பெண்களை ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அதில் என்ன தப்பு?

திரும்பிப் பார்ப்பார்கள். நாளைக்கு வேறொருவர் இன்னும் பழைய கதை ஒன்றைத் தூசி தட்டி எடுப்பார். அன்றைக்கே இவரைப் பரணில் போட்டுவிடுவார்கள். பட்டத்தை நம்பி வந்தவர்கள் பட்டம் போனதும் போய்விடுவார்கள்.

தஞ்சாவூர் வாசகர்: ஷெர்லாக் ஹோம்ஸை விடப் பழையதா மேடம்?

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னேன்.

டொராண்டோ வாசகர்: கடைசியாக ஒண்டு. ஸ்பாஃபர்ட் துப்பறியும் கதை கொஞ்சம்தான் எழுதினவ. ஃபார்ச்சூனுக்கு அது வாழ்நாள் தொழில். அந்த வித்தியாசம் பெரிசில்லையா?

பெரிதுதான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். ஒரு பெண் 40 வருடம் இந்த ஒரே வகைக் கதையை எழுதிச் சோறு தின்றார் என்பதற்குப் பக்கத்தில் நிறுத்த அந்தக் காலத்தில் எனக்கு வேறு பெயர் தெரியாது. 1871இல் இவரது ஏழு கதைகள் புத்தகமாயின. ஆஸ்திரேலியாவில் வெளியான முதல் துப்பறியும் சிறுகதைத் தொகுப்பு அதுதான். போகட்டும், ஒரு ‘முதல்’ நானும் கொடுத்துவிட்டேன். திருப்தியா?

யாழ்ப்பாண வாசகர்: தங்கம் தோண்டின நிலம் பூர்வகுடிகளின்ரது. அவையளைப் பற்றி இந்தக் கதைகள் என்ன சொல்லுது?

சொல்வது கொஞ்சம், மறைப்பது அதிகம். இந்த இதழின் கதைகளில் காடு யாருமில்லாத வெற்றிடமாகவே வரும். பூர்வகுடி ஒருவர் வந்தால் பெரும்பாலும் போலீஸுக்குத் தடம் பார்த்துக் கொடுப்பவராக வருவார். அவர் தடத்தைக் காட்டுவார், பெயர் துப்பறிவாளருக்குப் போகும். வசைச்சொற்களும் தாராளம். ஃபார்ச்சூனும் இதற்கு விதிவிலக்கு இல்லை. கதவு மூடிய வீட்டுக்குள் பெண்கள் படும் அடியைக் கண்ட அந்தக் கண்ணுக்கு இது தெரியாமல் போனது. வக்காலத்து வாங்க மாட்டேன்.

நெல்லை வாசகர்: எழுதியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மொயர் என்ற புத்தகச் சேகரிப்பாளர் 1950களில் புனைபெயருக்குப் பின்னால் இருந்த பெயரைப் பிடித்தார். வாழ்க்கையை 1980களிலிருந்து தோண்டி எடுத்தவர் லூசி சசெக்ஸ். இங்கே ஓர் எச்சரிக்கை: பெயரில்லாமல் வந்த எல்லாக் கதையையும் இவர் கணக்கில் எழுதாதீர்கள். ஆரம்ப வருடங்களில் ஜேம்ஸ் ஸ்கிப் போர்லாஸ் என்பவரும் இதே வகைக் கதைகளை இதே இதழில் எழுதினார். பிறர் எழுத்தைத் திருடினார் என்று இதழே அவரை வெளியே அனுப்பியது.

பெங்களூரு வாசகர்: மார்கஸ் கிளார்க்கின் கைதிக் கதையும் இந்த இதழில்தானே?

ஆமாம், 1870 முதல் 1872 வரை. அது நாவல், என் பேட்டை இல்லை. தொடரின் முடிவும் 1874 புத்தகத்தின் முடிவும் வேறு வேறு, இரண்டையும் படியுங்கள்.

கும்பகோணம் வாசகர்: நம் தமிழில் அப்போது இதழ்க் கதை உண்டா?

‘விவேக சிந்தாமணி’யில் 1893 முதல் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடராக வந்தது. மேலே கேட்க ஆளை மாற்றுங்கள்.

கரூர் வாசகர்: இவர் ஹோம்ஸுக்கு முன்னாடியா பின்னாடியா?

முன்னாடி. முன்னாடி. முன்னாடி.

சேலம் வாசகி: 500 கதையும் நன்றாக இருக்குமா அக்கா?

இருக்காது. வாடகைக்காக எழுதினவை நிறைய. பாதியிலேயே குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும், தற்செயலாகக் கண்டெடுத்த கடிதம் கதையை முடித்துவைக்கும். 1860களிலும் 70களிலும் எழுதியவற்றை எடுங்கள். அப்புறம் 1882இல் எழுதத் தொடங்கிய தங்கவயல் நினைவுகளைத் தவறவிடாதீர்கள். அதில் ஒரு சம்பவம். இவர் அனுப்பிய எழுத்தைப் பார்த்து, எழுதியது ஆண் என்று நினைத்து, தங்கவயல் பத்திரிகை ஒன்று உதவி ஆசிரியர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. போய் நின்றால் பெண்! வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

புதுச்சேரி வாசகி: பார்க்க எப்படி இருப்பார்? ஏதாவது குறிப்பு இருக்கிறதா?

இருக்கிறது. எழுதி வைத்தது போலீஸ். 1874 பிப்ரவரி விக்டோரியா போலீஸ் கெசட்டில் மேரி ஃபார்ச்சூனைத் தேடும் அறிவிப்பு ஒன்று உண்டு. வயது 40, நல்ல உயரம், வெளிறிய முகம், ஒல்லி. கருநிற மேலங்கி, பாவாடை, கறுப்புத் தொப்பி, பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த பழைய பூட்ஸ். குடிப்பழக்கம் உள்ளவர், குடித்ததற்காகப் பலமுறை அடைக்கப்பட்டவர், மெல்பர்ன் பத்திரிகைகளுக்கு எழுதுபவர் என்றும் போட்டிருக்கிறார்கள். ஒரு பாலியல் வன்முறை வழக்கில் அவரைத் தேடினார்கள். குற்றவாளியாக இல்லை, சாட்சியாக.