கல்யாணம் குளமான கதை

கேள்வி: ஒருவர் சொல்லும் உருவகத்தை நாம் எப்படி உடனே புரிந்துகொள்கிறோம்? புதிதாக ஒன்றை எப்படி உண்டாக்குகிறோம்? இலக்கணம், உளவியல், மூளையியல் எல்லாம் இதில் ஒரே பதிலைத்தான் சொல்கின்றனவா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. நன்றாகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

நான் செங்கோட்டைக்காரன். 1956 நவம்பர் 1 அன்றுதான் எங்கள் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை மலைக்கு அந்தப் பக்கத்து (இப்போதைய கேரளத்து) ஆட்சி. எம்.ஏ. மொழியியல் படித்தேன், வேலை கிடைத்தது பாவூர்சத்திரத்தில் மாமாவின் காய்கறிக் கமிஷன் கடையில். பதினான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். படிப்பு வீணாய்ப் போச்சு என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் வகுப்பில் பிடிபடாத சில விஷயங்கள் புனலூர், கொல்லம் வியாபாரிகளோடு போனில் பேசித்தான் எனக்குப் பிடிபட்டன.

ஓணம் முடிந்த வாரம். புனலூர்க்காரர் ஒருவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு எங்களிடம் காய் எடுத்திருந்தார். பாக்கி கேட்கப் போன் போட்டால், "கல்யாணம் ஆகெ குளமாயி, அண்ணாச்சி" என்றார். (கேரளத்தில் 'அண்ணாச்சி' என்ற சொல்லுக்கு உள்ள தொனி தனிக் கதை. இவர் மரியாதையாகத்தான் சொல்வார்.) நான் பதறிப்போய், "பந்தலுக்குள்ள தண்ணி ஏறிருச்சா? பாத்திரம் பண்டமெல்லாம் தப்பிச்சுதா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். மழையும் இல்லை, தண்ணியும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் சண்டை போட்டுவிட்டுப் பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள். மலையாளத்தில் ஒரு காரியம் குளமாயிற்று என்றால் அது கெட்டுக் குட்டிச்சுவராயிற்று என்று பொருள். பாருங்கள், அதை விளக்கப் போனால் என் வாயில் குட்டிச்சுவர் வந்து நிற்கிறது. எனக்குச் சுவர் எதுவும் மனதில் தெரியவில்லை, அவருக்குக் குளம் தெரியாதது போலவே. தமிழில் குளமாவது கண்கள் மட்டும்தான். அதனால் நான் மட்டும் அரை நொடி நிஜக் குளத்தைப் பார்த்தேன்.

பிரையன் பௌடில், டீட்ரி கெண்ட்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005-ல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். புதிய உருவகத்தை மனம் ஒப்பிட்டுப் புரிந்துகொள்கிறது: இதற்கும் அதற்கும் எது பொது என்று தேடுகிறது. அதே உருவகம் புழங்கிப் புழங்கித் தேய்ந்த பிறகு ஒப்பீடு தேவையில்லை, சொல்லுக்கு இரண்டாவது பொருளாகவே அது உட்கார்ந்துவிடுகிறது. ஒரே வாக்கியம், ஆனால் புனலூர்க்காரர் மண்டையில் நடந்த வேலை வேறு, என் மண்டையில் நடந்த வேலை வேறு. உருவகத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு என்கிறார்கள். நான் படித்த கோட்பாடுகளிலேயே எனக்கு நேர்மையாகத் தோன்றியது இது.

பழிக்குப் பழியும் நடந்தது. கொல்லத்துக் கடைக்காரர் ஒருவரிடம், "அந்த லாரிக்காரன் எனக்கு அல்வா கொடுத்துட்டான்" என்றேன். "ஹல்வயோ? நல்லது தன்னெ" என்றார். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னால் அவர்தான் என்ன செய்வார்!

ஆனால் மலையைத் தாண்டியும் அப்படியே போகிறவை உண்டு. காலை வாரிவிடுவது இங்கும் துரோகம், அங்கும் துரோகம். நாம் தண்ணியடிக்கிறோம், அவர்கள் வெள்ளமடிக்கிறார்கள் (அங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்). சொல் மாறியது, படம் மாறவில்லை. ஒன்றுமில்லாமல் முடிவதை அவர்கள் 'உள்ளி தொலிச்ச போலெ' என்பார்கள். உரிக்க உரிக்க ஒன்றுமில்லாத அதே வெங்காயத்தைப் பெரியார் தமிழ் மேடைகளில் திட்டாகவே ஆக்கிவைத்தார்.

வெங்காயத்தை விட்டு நகர எனக்கு மனமில்லை, தொழில் அப்படி. எங்கள் கடையில் ஒரு நாளைக்கு நூறு முறை அந்தச் சொல் காதில் விழும். "பெரிய வெங்காயம்!" என்று மாமா கத்தினால், சரக்கைச் சொல்கிறாரா, முன்னால் நிற்கும் ஆளைச் சொல்கிறாரா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. தத்துவவாதி ஜான் சேர்ல் 1979-ல் சொன்ன கணக்கு வேறு: கேட்பவர் முதலில் நேர்ப்பொருளைப் பார்க்கிறார், அது பொருந்தவில்லை என்று கண்டுகொள்கிறார், அப்புறம்தான் வேறு பொருள் தேடுகிறார். கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் உளவியலாளர் சாம் க்ளக்ஸ்பெர்க்கும் இரண்டு சகாக்களும் 1982-ல் செய்த சோதனை இதற்கு இடைஞ்சல். திரையில் வரும் வாக்கியம் நேர்ப்பொருளில் உண்மையா பொய்யா என்று மட்டும் சொல்ல வேண்டும். 'சில வேலைகள் சிறைகள்' என்று வந்தால் பொய் என்று அழுத்த வேண்டியதுதான். ஆனால் சும்மா கண்டபடி சேர்த்த பொய் வாக்கியங்களைவிட இவற்றுக்குப் பொய் சொல்ல ஆட்கள் கூடுதல் நேரம் எடுத்தார்கள். யாரும் கேட்காமலே உருவகப் பொருள் உள்ளே வந்து கையைப் பிடித்திருக்கிறது. அதைத் தேடிப் போக வேண்டியதில்லை, தடுக்கத்தான் முடியவில்லை.

நம் இலக்கணக்காரர்களுக்கு வருகிறேன். தொல்காப்பிய உவமவியலின் முதல் நூற்பாவே உவமை பிறக்கும் வழிகளை வினை, பயன், மெய், உரு என்று நான்காக்கிவிடுகிறது. செய்யும் செயல், கிடைக்கும் பலன், வடிவம், நிறம். தொல்காப்பியத்தில் உருவகத்துக்குத் தனி இடம் இல்லை. தண்டியலங்காரம்தான் உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து ஒன்றாக்கினால் உருவகம் என்று பிரித்துச் சொன்னது. மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது. அரிஸ்டாட்டில் இதைப் பிறரிடம் கற்க முடியாத திறமை என்றார்; எனக்கு அது உயர்வு நவிற்சியாகத்தான் படுகிறது. சந்தையில் மூட்டை தூக்கும் பையன்கள் மணிக்கு ஒன்று செய்கிறார்கள்.

அந்த நான்கு வழிகளில் குழந்தைகள் எதில் தொடங்குகிறார்கள்? எங்கள் ஊர் மலைப்பாதையில் ரயிலுக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் போட்டுத் தள்ளுவார்கள். நான்கு வயது மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, ரயிலுக்கு வால்லயும் தலை இருக்கு" என்றாள். மெய்யும் உருவும் பார்த்துச் சொன்னது. அது எதற்கு அங்கே இருக்கிறது என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. சிறு குழந்தைகள் முதலில் தோற்ற ஒற்றுமையைப் பிடிக்கிறார்கள், பொருள்களுக்கு இடையிலான உறவைப் பிடிப்பது பிறகுதான் வருகிறது என்று கெண்ட்னரின் ஆய்வும் சொல்கிறது. தொல்காப்பியர் சொற்களில் சொன்னால், மெய், உருவிலிருந்து வினை, பயனுக்கு நகர்கிறார்கள்.

அடுத்தது மொழியியலாளர் லேக்காஃப், தத்துவவாதி ஜான்சன். 1980-ல் இவர்கள் போட்ட போடுதான் இந்தத் துறையையே திருப்பியது. உருவகம் பேச்சுக்கு அலங்காரம் இல்லை, நினைப்பதே அதில்தான். உடம்பு அனுபவத்திலிருந்து அது வருகிறது என்றார்கள். எங்கள் கடைப் பேச்சைக் கேட்டால் ஒத்துக்கொள்ளத் தோன்றும். விலை ஏறுகிறது, இறங்குகிறது, படுத்துவிடுகிறது. சரக்கு 'வரத்து' என்போம், அணைக்கு நீர்வரத்து போல. விற்காவிட்டால் தேங்கிவிட்டது என்போம். பில் பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துப் பொருளியலாளர் 1949-ல் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நிஜமாகவே தொட்டிகளும் குழாய்களுமாகக் கட்டி, பணத்துக்குப் பதில் தண்ணீரை ஓடவிட்டுக் காட்டினார்.

ஆனால் உடம்பு எல்லா ஊரிலும் ஒரே உடம்பு என்பதில்தான் எனக்குத் தகராறு. பாசம் என்றால் வெதுவெதுப்பு, ஒட்டாத ஆள் என்றால் குளிர்ச்சி என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. சூடான காப்பிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் அடுத்தவரை அன்பானவராக மதிப்பிட்டார்கள் என்று 2008-ல் ஒரு சோதனை பெரிய பேர் வாங்கியது. பின்னால் அதிக ஆட்களை வைத்துத் திருப்பிச் செய்தபோது அது நிற்கவில்லை. நமக்கு எப்படி? மனம் குளிர்ந்தது. கண் குளிரப் பார்த்தேன். வயிறு குளிர வாழ்த்தினாள். நெஞ்சில் ஈரம் இல்லாதவன் கொடியவன், அருளுக்குப் பேர் தண்ணளி. பங்குனி வெயிலில் காய்ந்து, ஆனி மாதம் குற்றாலத்துச் சாரல் முகத்தில் அடிக்கும்போது நிற்கிற உடம்பு வேறு எப்படி உருவகம் செய்யும்? கோபத்தை மட்டும் நாமும் சூடு என்கிறோம், அவர்களும் சூடு என்கிறார்கள். கோபத்தில் உடம்பு காய்வது எல்லாருக்கும் பொது. அன்பின் வெப்பநிலையை ஊர்தான் தீர்மானிக்கிறது போல.

புதிதாக உண்டாக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு எனக்குக் கிடைத்த சிறந்த உதாரணம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் வாத்தியார். மின்சாரத்தைத் தண்ணீர் மாதிரி என்று சொல்லிக்கொண்டே வந்தார், மின்கலம் வரை எல்லாருக்கும் புரிந்தது. மின்தடையில் மாட்டிக்கொண்டோம். இரண்டு தடையைப் பக்கவாட்டில் இணைத்தால் மொத்தத் தடை ஏன் குறைகிறது? தடை கூடத்தானே வேண்டும்? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்கள் பக்கத்துக் கேரள எல்லைச் சோதனைச்சாவடியைச் சொல்லி, "புளியரை செக்போஸ்ட்ல ஒரு கேட்டுக்குப் பதிலா ரெண்டு கேட் திறந்துவிட்டா லாரி கூடப் போகுமா, குறையப் போகுமாலே?" என்று கேட்டார். வகுப்பே "ஓ" என்றது. பல வருடம் கழித்துப் படித்தேன்: 1983-ல் அதே டீட்ரி கெண்ட்னரும் இன்னொரு கெண்ட்னரும் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். மின்சாரத்தை ஓடும் நீராக நினைத்தவர்கள் மின்கலக் கணக்குகளில் தேறினார்கள், கூட்டம் கதவு வழியே நுழைவதாக நினைத்தவர்கள் மின்தடைக் கணக்குகளில் தேறினார்கள். உருவகத்தை மாற்றினால் போடுகிற கணக்கே மாறுகிறது. வாத்தியார் தேடியது மின்தடை போலத் தோற்றமளிக்கும் பொருளை அல்ல. அதே உறவுகள் உள்ள இன்னோர் இடத்தை. அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த இடமாகவும் இருக்க வேண்டும். மதுரையில் இதைச் சொல்லியிருந்தால் புளியரை எங்கே என்று முதலில் விளக்க வேண்டியிருக்கும்.

இனி மூளை. இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை.

அப்பா ரயில்வேயில் கேங்மேன். ஓய்வு பெற்ற சில வருடத்தில் பக்கவாதம். மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு, இடக்கை விழுந்துவிட்டது. பேச்சு தெளிவாகவே இருந்தது, அதனால் தப்பித்தோம் என்று நினைத்தோம். ஒரு நாள் அம்மா சலிப்பில், "உங்களுக்குச் செஞ்சு செஞ்சு என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு" என்றாள். அப்பா முகம் வெளுத்துவிட்டது. "எலும்பு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போலே" என்று என்னிடம் கெஞ்சினார். கேலி இல்லை, நிஜமான பயம். நான் மெதுவாக, "கல்நெஞ்சக்காரன்னா என்னப்பா?" என்று கேட்டுப் பார்த்தேன். "இரக்கம் இல்லாதவன்" என்று பட்டென்று சொன்னார். அர்த்தம் தெரிகிறது, ஆனால் வீட்டுப் பேச்சில் வந்து விழும்போது பிடிபடவில்லை.

எல்லன் வின்னர், ஹோவர்டு கார்ட்னர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1977-ல் இதையே படங்கள் வைத்துச் செய்திருக்கிறார்கள். கனத்த இதயம் என்ற தொடருக்கு ஒரு படத்தில் ஒருவர் அழுகிறார், இன்னொன்றில் ஒருவர் பெரிய இதயத்தைத் தூக்க முடியாமல் தள்ளாடுகிறார். வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் பலர் இரண்டாவதைக் காட்டினார்கள். வாயால் விளக்கச் சொன்னால் சரியாகச் சொன்னார்கள். இடப்பக்கம் பாதித்துப் பேச்சிழந்தவர்களோ விளக்க முடியாமல் சரியான படத்தைக் காட்டினார்கள். அப்படியானால் உருவகம் வலப்பக்கத்து வேலை என்று கொஞ்ச காலம் எழுதினார்கள். பிறகு வந்த மூளைப்பட ஆய்வுகள் இடப்பக்கமும் நிறைய உழைப்பதைக் காட்டவே அந்தக் கதை சிக்கலாகிவிட்டது. மூளையில் உருவகத்துக்கென்று ஒரு தனி அறை இல்லை என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

ஏழெட்டு மாதம் கழித்து, புனலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் கைப்பயிற்சி. சொல்லிக்கொடுக்கும் பெண் மலையாளி. இடக்கையை நீட்டச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது இன்னும் மீட்டர்கேஜும்மா. மத்த உடம்பு பிராட்கேஜ் ஆயிருச்சு. வண்டி எப்படி ஓடும்?" என்றார்.

செங்கோட்டை–புனலூர்ப் பாதை 1904-லிருந்து மீட்டர்கேஜ். 2010-ல் மூடி, பெரிய பாதையாக்கி, 2018-ல் திறந்தார்கள். தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டரிலிருந்து 1676 ஆயிற்று. பழைய பெட்டி அதில் நிற்காது. அந்தத் தண்டவாளத்தில் முப்பது வருடம் சுத்தியல் பிடித்த கை அது. அம்மாவின் ஒடிந்த இடுப்பு பிடிபடாத மனுஷனுக்கு இது எங்கிருந்து வந்தது? தேய்ந்த வழக்கு கைவிட்டபோதும் அவர் தொழில் அவரிடம் இருந்தது என்று நினைக்கிறேன். மருத்துவர் யாராவது வேறு காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

"அச்சன் எந்தா பறஞ்ஞது?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். கேஜ் மாற்றம், பாதை மூடியது, பெட்டி பொருந்தாதது என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க அது உப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தது. உருவகத்துக்குள் ஒளிந்திருக்கும் தனிப் பொருள் என்று ஒன்றும் கிடையாது, அது நம்மை ஒன்றைப் பார்க்க வைக்கிறது, அவ்வளவுதான் என்று தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன் 1978-ல் எழுதியது அந்த நேரத்திலா ஞாபகம் வர வேண்டும்!

"ஓ, ரெயில்வேயிலாயிருந்நு, அல்லே?" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் அப்பாவின் விரல்களைப் பிடித்து நீட்டினார்.