ஆற்றொணாத் துயரம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'ஆற்றொணாத் துயரத்தில் வாடும் குடும்பத்தார்' என்று இருந்தது. ஆற்றில் விட்டாலும் போகாத துயரம் என்று என் கணவர் விளக்கம் சொன்னார். இதில் வருவது நதிதானா? 'ஆறாத் துயரம்' என்றும் போடுகிறார்களே, இரண்டும் ஒன்றா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நதி இல்லை. காப்பி ஆறுகிறதே, புண் ஆறுகிறதே, அந்த ஆறுதான். சூடு தணிவது, காயம் மூடுவது, மனம் தேறுவது மூன்றுக்கும் தமிழில் ஒரே வினை. துக்க வீட்டில் சொல்வதற்கு ஆறுதல் என்று பேர் வந்தது அப்படித்தான். 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்' என்ற குறளிலும் இதே ஆறு. ஒணா என்பது ஒண்ணாத, அதாவது முடியாத. சொல்லொணா என்கிறோமே, அதுபோல.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டும் ஒன்றல்ல என்பேன். பால் தானாக ஆறும். அம்மா அதை ஆற்றுவாள். ஆறாத் துயரம் என்றால் என்றைக்குமே தணியாது என்று ஆகிவிடுகிறது. ஆற்றொணாத் துயரம் அவ்வளவு தூரம் போகவில்லை. பக்கத்தில் வந்து நிற்கிறவர்களால் தணிக்க முடியாது என்பதோடு நின்றுகொள்கிறது. அது தானாக ஆறுமா என்பதைக் காலத்துக்கு விட்டுவிடுகிறது. ('ஆற்றாது அழுத கண்ணீர்' என்று வள்ளுவர் சொல்லும்போது ஆற்றுவது பொறுப்பது. அதனால் தாங்க முடியாத துயரம் என்று படித்தாலும் தப்பில்லை.)

கலித்தொகையில் 'ஆற்றுதல் என்பதொன்று அலந்தவர்க்கு உதவுதல்' என்று வருகிறது. அலந்தவர் என்றால் நொந்துபோனவர். உதவுதல் என்ற சொல்லை அங்கே கவனியுங்கள்.

என் பெரியப்பா இறந்த மறுநாள் பெரியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் 'மனசைத் தேத்திக்கோ' என்றார்கள். எதிர்வீட்டு அக்கா எதுவும் பேசவில்லை. டம்ளருக்கும் டபராவுக்குமாகக் காப்பியை ஆற்றி, விரலால் தொட்டுப் பார்த்து, பெரியம்மா கையில் வைத்தார். அவர் பிடித்துக்கொள்ளும்வரை தன் கையை எடுக்கவில்லை. பெரியம்மா பாதி குடித்தார். அன்று அவர் வயிற்றுக்குள் போனது அது மட்டும்தான்.